ஏழாவது மூடி

அண்ணனூர் ரயில்வே கேட்டில் காத்து நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (கேட்டைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்திருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும்.)

அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அம்பத்தூரில் பெரியப்பா மகன் குமார் அண்ணனின் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஒட்டிக்கொண்டிருந்தேன். விரல் நீள டின் ஓப்பனர்களுக்கு ஆர்டர் வந்திருந்தது. மூட்டை நிறைய அடித்து முடித்ததும் ஆர்டர் கொடுத்தவர் வேண்டாம் என்றுவிட்டார். அவற்றை விற்காவிட்டால் ஷாப்புக்குப் பூட்டுதான்.

"ஆவடி குவார்ட்டர்ஸ்ல ஊடு ஊடா விக்கலாம்ணா. மிலிட்டரி கேன்டீன்ல டின்னு வாங்காத ஊடே இல்ல."

"அவங்க இத்தினி நாளா பல்லாலயா தொறந்துகினு கீறாங்க?" என்றார் அண்ணன். அவர் அலுப்பில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிய முதல் வீடு பேச்சியம்மாள் அக்காவுடையது. திருநெல்வேலிக்காரர். அவர் வாங்கினால் அந்த வரிசையே வாங்குமாம். என் சத்தத்துக்கே நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். அக்கா உள்ளே போய், பிரிக்காத பால் பவுடர் டின் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்க, இதத் தொறந்து காட்டுங்க தம்பி."

விளிம்பில் கொக்கியை மாட்டி, குத்தி, நெம்பி, நகர்த்தினேன். கட்டைவிரல் சிவந்தும் வாய் ஓயவில்லை. முழு வட்டம் வந்ததும் மேல்தகட்டை மந்திரவாதி மாதிரி தூக்கிக் காட்டினேன்.

அக்கா, ரம்பப் பல்லாக நின்ற விளிம்பையே பார்த்தார்.

"ஸ்பூன் காம்ப வச்சு நெம்புனா மூடி வந்திருக்குமே தம்பி. மூடி உக்காருத வளையத்தையும்லா சேத்து அறுத்துட்டீய."

"பவுடருக்கு ஒண்ணும் ஆகலக்கா."

"பவுடரு பத்து நாள்ல தீந்துரும். டப்பாவுக்காகத்தான வாங்குனேன். துவரம்பருப்பு எதுல போட? இதுக்கு ஒரு மூடி அடிச்சுக் கொண்டாங்க, பொறவு மத்ததப் பேசுவோம்."

அப்போதுதான் அவர் அடுக்களை அலமாரியைப் பார்த்தேன். வரிசையாகப் பால் பவுடர் டின்கள், எல்லாம் மூடியோடு. நாலு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதன்பின் அந்த வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை.

மூட்டை பழைய இரும்புக் கடைக்குப் போனது. அண்ணன் பக்கத்து ஷாப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு மூடியும் தட்டிக் கொடுத்தார். பெரிதாகப் போய்விட்டது. அடுத்தது சிறிது. மூன்றாவது, எப்படியோ, முட்டை வடிவம்.

எட்டு வருஷம் ஆகிறது. "மூடி சித்தப்பா வந்துகினு கீறாரு, டப்பாங்கள உள்ள எடுத்து வைங்கடா" என்று அண்ணி இன்னமும் பிள்ளைகளிடம் சொல்கிறார். அக்கா குடும்பம் ஓய்வுக்குப் பின் வேப்பம்பட்டில் வீடு கட்டிப் போய்விட்டது. வாயில் துணி கட்டிக்கொண்டு அந்த டப்பாவும் கூடவே போயிருக்கிறது.

நேற்று அண்ணன் ஏழாவது மூடியைக் கையில் கொடுத்தார்.

"இதுவும் சேரலன்னா மூடிய வச்சிகினு டப்பாவ மாத்திக்கச் சொல்லு."

ஞாயிறு காலை ரயிலில் கிளம்புகிறேன். கூடவே ஒரு அரமும் எடுத்துப் போகிறேன். மூடி பத்தாவிட்டால் டப்பாவின் விளிம்பைக் கொஞ்சம் ராவிவிடலாம் என்று ஒரு யோசனை.