தெருவைப் பார்த்த பெஞ்சு

முப்பத்திரண்டு வருஷம் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனவன் நான். மேலே வெயில், கீழே இஞ்சின். நடுவில் நான் வெந்தேன். அதனால் வேலையை விட்ட அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் நிழலில்தான் உட்காருவேன். அதுவும் என் தோட்டத்தில், கொடிப்பந்தலுக்குக் கீழே, சாய்வு வைத்த பெஞ்சில், யார் கண்ணிலும் படாமல்.

யார் கண் என்று பொதுவாகச் சொன்னேன். குறிப்பாக என் மனைவி செந்தமிழ்ச்செல்வியின் கண். ஆண்பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. மாவு அரைத்து வரச் சொல்வாள். அரைத்து வந்தால், மறந்துபோன மிளகாயை அரைக்க மறுபடியும் அனுப்புவாள்.

இடத்தை மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம், முருங்கை மறைவில். வடக்கனந்தல் முழுக்கத் தேடினாலும் நான் கிடைக்கமாட்டேன். ஆனால் நேராகக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். நான் கிழக்கு என்றால் செல்வி மேற்கு என்பாள். ஆகவே தலைகீழாகக் கேட்பது என்று திட்டம் போட்டேன்.

"செல்வி, பெஞ்சத் தெருப்பக்கம் போடலாம்னு இருக்கேன். வேலி ஓரமா. போறவங்க வர்றவங்க எல்லாரும் என்னப் பாக்கணும்."

'உங்கள யாரு பாக்கறது, பின்னாடி போடுங்க' என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடுங்க. தெருவப் பாத்தாப்பலயே போடுங்க."

"பின்பக்கம் போட்டாலும் எனக்குச் சம்மதந்தான்."

"அதெல்லாம் வாணாங்க. மொதல்ல சொன்னதுதான் நல்ல எடம்."

என் திட்டம் என் கழுத்திலேயே ஏறி உட்கார்ந்தது.

பெஞ்சு வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு இரண்டு பேருமாகப் போனோம். நான் ஊஞ்சலைப் பார்த்தேன்; ஆடினால் தலை சுற்றும் என்றாள். இரும்புப் பெஞ்சைப் பார்த்தேன், சுடும் என்றாள். கடைசியில் சிமெண்ட் பெஞ்சு முடிவாயிற்று. கடைக்காரர் சுண்ணாம்புக் கட்டியும் கையுமாக வந்து, சாய்வுப் பலகையில் யார் நினைவாக என்று எழுதணும், இறந்தவர் பேரைச் சொல்லுங்க என்றார். செல்வி கொஞ்சமும் அசரவில்லை.

"இப்போதைக்கு ஒண்ணும் வாணாங்க. எடம் மட்டும் வுட்டு வைங்க."

மூங்கில் நட்டுப் பந்தல் போட்டேன். மல்லிக்கொடி ஏற்ற ஆசைப்பட்டேன். மல்லி நிழல் தருவதற்குள் உங்களுக்கு அறுபது தாண்டிவிடும் என்று சொல்லிப் புடலை விதையை ஊன்றிவிட்டாள். ஒன்றரை மாசத்தில் பந்தல் மூடிக்கொண்டது. காய் சுருளாமல் நீளமாக இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு நுனியிலும் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு கல் என் மண்டையில் இடித்தது. மூன்றாவது கல்லுக்கு நானே குனியக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். செல்வி வேலை சொல்வதை நிறுத்திவிட்டாள். டீ பெஞ்சுக்கே வந்தது. வெயிலுக்கு நல்லது என்று சிவப்புத் துண்டை எடுத்து அவளே எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டாள். மீசையை வெட்டாதீர்கள், முரட்டு மீசைதான் உங்களுக்கு அழகு என்றாள். நான் பழக்கதோஷத்தில் மாவு மில்லுக்குப் போகலாமா என்று எழுந்தால்கூட விடவில்லை.

"எங்க எழுந்துட்டீங்க? ஒக்காருங்க. நேரா நிமுந்து ஒக்காருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் கழித்தாவது என் அருமை இவளுக்குத் தெரிந்ததே என்று நெஞ்சு நிறைந்தது. பின்பக்கம் ஒளியப் பார்த்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

நேற்றுக் காலையில் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். செல்வி பக்கத்தில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"இன்னா செல்வி, காய் இப்பிடிச் சரஞ்சரமா தொங்கிக்கினு கெடக்குது? தெருவுல போறவங்க கண்ணெல்லாம் இது மேலதான். கண்ணு பட்டா பிஞ்சுலயே வெம்பிப் போவும். ஒரு திருஷ்டி பொம்ம கட்டி வெக்கக் கூடாதா?"

"போன வருசம் பானையில மூஞ்சி வரஞ்சி வெச்சேங்கா. ஒரு மழைக்கே கரஞ்சி பூட்சி. அதான் இந்த வருசம் இவர ஒக்கார வெச்சிட்டேன். இவரு எம்மாம் மழ பேஞ்சாலும் கரைய மாட்டாரு."