இருந்த இடத்தில் தலைமறைவு

சட்டத்துக்கு அடங்கி நடப்பதில் எங்கள் தெருத் தையற்காரருக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை. அவர் செய்த குற்றமே, கேட்டதைத் தைத்துக் கொடுத்ததுதான். காலோடு ஒட்டிய கால்சட்டைதான் இப்போது நாகரிகம் என்று ஒரு பெரிய அதிகாரி பிடிவாதம் பிடித்தார்.

"ஐயா, குனிய முடியாதே."

"நான் எதுக்குய்யா குனியணும்?"

மறுவாரம் மரக்கன்று நடுவதற்காகப் பொதுமக்கள் முன்னிலையில் குனிந்தார். அரசுப் பணிக்கு ஊறு விளைவித்ததாகத் தையற்காரர் மேல் வழக்கு.

ஆண்டவன் புண்ணியத்தில் ஜாமீன் கிடைத்தது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கணுக்காலில் நடமாட்டத்தைக் கணக்கெடுக்கும் ஒரு கருப்புப் பட்டையை எந்நேரமும் கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. மனைவியின் அண்ணன் பிணை நின்றார்.

"மாப்ளே, நீங்க ஓடிட்டா என்னையத்தான் உள்ள வைப்பாங்க. எனக்கு முதுகுவலி, தரையில படுக்க முடியாது. பார்த்து நடந்துக்குங்க."

"நடக்கவே மாட்டேன் மச்சான். மெஷினை விட்டு எழுந்திருச்சாத்தானே?"

வினை வந்ததே அங்கேதான். அவருடையது காலால் மிதிக்கும் மெஷின். அன்று மாலையே கண்காணிப்பு அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"காலையிலேர்ந்து ஓடியிருக்கீங்க. எல்லை தாண்டி ரெண்டு ஊர் போயாச்சு."

"இடத்தை விட்டு அசையலையே ஐயா! ரெண்டு பாவாடை தைச்சேன், அவ்வளவுதான்."

"பட்டை பொய் சொல்லாது. எவ்வளவு தூரம் போனீங்கன்னு துல்லியமா சொல்லும்."

"எங்க இருக்கேன்னு சொல்லாதா?"

"அந்த மாதிரிப் பட்டை விலை ஜாஸ்தி."

கூடப் போயிருந்த மனைவி கும்பிட்டாள். "மிதிக்கலைன்னா அடுப்பு எரியாதுங்க. மிதிச்சா எங்கண்ணன் உள்ள போகணும். நாங்க என்னதான் செய்யறது?"

கண்காணிப்பு அதிகாரிக்கும் மனம் உண்டு. வெகுநேரம் யோசித்து வழி சொன்னார்: "போன தூரத்தைத் திரும்பி வந்துடணும். பின்பக்கமா மிதிங்க. கணக்கு நேராயிடும்."

அன்று முதல் பகலெல்லாம் முன்பக்கம் மிதித்துத் தைப்பார். பொழுது சாய்ந்ததும் நூலைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினைப் பின்பக்கம் மிதிப்பார்.

"சாப்பாடு ஆறுது, எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"பக்கத்து ஊர் தாண்டிட்டேன். இலையைப் போடு."

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவசரமாக இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பட்டை கட்டிய ஒருவர்கூடத் தப்பவில்லை என்று அன்று மாலை பாராட்டு விழாவாம். மூத்தவருடைய கால்சட்டையை நாகரிகமாக இறுக்கித் தைக்க வேண்டுமாம். அவர் இடுப்பில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவசரமா மிதிச்சா தப்பி ஓடறதா பதிவாயிடும் ஐயா."

"நாங்கதான் எதிர்ல குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கோமே! தைங்க."

தைத்தார். ஒரு கால் முடிவதற்குள் போன் அலறியது: தையற்காரர் தப்பி ஓட்டம், உடனே பிடிக்கவும். மூத்தவர் தையற்காரரைப் பார்த்தார்.

"ஐயா, நான் இங்கதான் இருக்கேன்."

"அது எனக்குத் தெரியுது. மேலிடத்துக்குத் தெரியணுமே! துரத்திப் பிடின்னு உத்தரவு. துரத்தாம எப்படிப் பிடிக்கறது?"

துண்டோடு தெருவில் இறங்கி ஓடினார். இளையவர் விசில் ஊதிக்கொண்டு பின்னால் ஓடினார். விசில் கேட்டதும் மச்சான் முதுகுவலியை மறந்து, "ஐயோ, மாப்பிள்ளையைப் பிடிங்க!" என்று பாய்ந்தார். காய்கறிக்காரர், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எதற்கென்று தெரியாமல் நான், எல்லாரும் ஓடினோம்.

"எல்லாரும் ஓடறாங்க, நீங்க மட்டும் உட்கார்ந்திருக்கீங்களே!" என்று புருஷனைக் கடிந்துகொண்டு அந்த மகராசியும் எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

தெருக்கோடி வரை போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்து, மெஷின் முன்னால் இருந்தவரை வளைத்துப் பிடித்தோம். மூத்தவர் முதலில் கால்சட்டையை வாங்கிக்கொண்டார், பிறகு ஆளை. அன்று தெருவில் ஓடாதவர் அவர் ஒருவர்தான். தப்பி ஓடியதற்காக உள்ளே போனவரும் அவர் ஒருவர்தான்.

மாலை விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் குற்றவாளியைப் பிடித்திருக்கவே முடியாது என்று மேடையில் மனமுருகப் பேசினார்கள். கை வலிக்கும்வரை தட்டினோம்.