கரும்பலகைக்குப் பின்னால் மைனா

ஒரு காட்டில் ஒரு மைனா இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களைச் சொந்தக்காரர்கள் சும்மா இருக்க விடுவார்களா?

கடல் தாண்டி முயல்காட்டில் இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. சான்றிதழ் கட்டாயம். ஆந்தை ஒன்று ஆன்லைனில் நடத்திய பயிற்சியில் மைனா சேர்ந்தது. சாக்பீஸ் பிடிப்பது எப்படி, பிள்ளைகள் தூங்கினாலும் சிரித்த முகமாக இருப்பது எப்படி என்று ஆந்தை எல்லாம் கற்றுக்கொடுத்தது, இங்கிலீஷைத் தவிர. அதே வகுப்பில் ஏரிக்கரைக் கொக்கு ஒன்றும் இருந்தது. அதற்கு 'யெஸ்' மட்டும் தெரியும், அதுவும் சில நாள் மறந்துவிடும். கேமரா முன்னால் ஒற்றைக் காலில் நின்று அது தூங்கியதை, உன்னிப்பாகக் கவனிக்கிறது என்று நினைத்து ஆந்தை முதல் வகுப்பில் தேர்ச்சி போட்டது.

மைனா கிளம்பிய அன்று உறவுக்கூட்டம் ஆலமரத்தையே மறைத்து ஃபிளெக்ஸ் கட்டியது. 'கடல் கடக்கும் கல்விக் கடலே' என்று மேலே. கீழே பெரியப்பா, சித்தப்பா, அத்தை வகையறா எல்லாருடைய படமும். இப்படி வழியனுப்பிய பிறகு ஒரு பறவை வேலை கிடைக்காமல் ஊர் திரும்ப முடியாது.

முயல்காட்டில் முள்ளம்பன்றி ஒன்று, தாளிப்பு வாசம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு பொந்தில் இடம் கொடுத்தது. வேலை உறுதியானால்தான் விசா. மைனா மாதிரி வகுப்பு எடுத்தது. ஒரே வகுப்பில் குட்டி முயல்கள் தங்கள் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் சொல்லின. பள்ளித் தாளாளரான கிழமுயல் மைனாவைத் தனியே அழைத்தது.

"பாடமெல்லாம் பிரமாதம் டீச்சர். உச்சரிப்புதான் கொஞ்சம் கறுப்பா இருக்கு. பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

அடுத்து மாதிரி வகுப்புக்கு, அதே ஏரிக்கரைக் கொக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்றது. கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த பெற்றோர் உருகிப்போனார்கள்.

"எவ்வளவு வெள்ளையான இங்கிலீஷ் பாருங்க" என்றது ஒரு தாய்முயல்.

கொக்குக்கு வேலை கிடைத்தது. அன்று மாலையே அது மைனாவைத் தேடி வந்தது.

"அக்கா, நான் வாயத் திறந்தா மாட்டிக்குவேன். நீங்கதான் காப்பாத்தணும்."

கிழமுயல் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது. வகுப்பில் மூங்கில் சட்டத்தில் மாட்டிய கரும்பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். பதவியின் பெயர் ஒலி உதவியாளர். விசாவும் உண்டு. மைனாவுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு ஏறி உட்கார்ந்தது.

கொக்கு அலகை அசைக்கும், மைனா பேசும். வருடம் முடிவதற்குள் முயல்குட்டிகள் இங்கிலீஷில் சண்டையே போட்டன. ஊரே கொக்குக்கு மாலை போட்டது.

பெற்றோர் தினத்தன்று, சட்டத்தோடு பலகையையும் ஸ்டூலையும் மண்டபத்துக்கு மாற்றி, நிறைந்த கூட்டத்தின் முன் பாடம் நடந்தது. பாதியில் ஆணி கழன்று பலகை தடாலென்று விழுந்தது. ஸ்டூலில் மைனா, திறந்த வாயோடு. முன்னால் கொக்கு, சத்தமில்லாமல் அலகை அசைத்தபடி. மைனாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒருவழியாக எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கொக்கு தலை குனிந்தது. "எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு தந்தைமுயல் கோபத்தோடு எழுந்தது.

"இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா?"

"மன்னிச்சிடுங்க" என்றது கிழமுயல்.

"இவ்வளவு வெள்ளையான வாத்தியாரை வெச்சிக்கிட்டு, ஒரு போர்டை ஒழுங்கா மாட்டத் தெரியலையே உங்களுக்கு."

மண்டபமே கைதட்டியது. பக்கத்தில் தாய்முயல் தன் குட்டியின் கண்ணைப் பொத்தியது. "நீ ஒண்ணும் பாக்கல கண்ணு."

கிழமுயல் சுத்தியலோடு ஓடி வந்தது. ஆணியைத்தான் காணோம். அது மைனாவின் காலடியில் கிடந்தது.

"இப்பவாவது வாத்தியார் வேலையைக் கேளுங்க அக்கா. இங்கிலீஷ்லயே கேளுங்க" என்று கொக்கு கிசுகிசுத்தது.

மைனா அலகைத் திறந்தது. அடுத்த வாரம் விசா புதுப்பிக்க வேண்டும். குனிந்து ஆணியைக் கொத்தி எடுத்துக் கிழமுயலிடம் கொடுத்தது.

"இந்த மூலையிலயும் ஒண்ணு அடிச்சிடுங்க சார். ரொம்ப நாளா ஆடுது."

நீதி: உண்மை ஒருநாள் வெளியே வந்தே தீரும், ஆகவே, ஆணியை நல்லதாகப் பார்த்து வாங்கவும்.