கீரி வாங்கிய சிவப்பு விளக்கு

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் வருத்தப்படுவார்கள், ஒரு கீரி தன் சொந்த ஸ்கூட்டரில் போய்த் தீயணைத்து வந்தது. சம்பளம் கிடையாது. பின் சீட்டில் ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். எவ்வளவு ஹாரன் அடித்தாலும் எருமை மட்டும் வழிவிடாது.

"தீயணைக்கப் போறேன்னு உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான்.

கீரி வன அலுவலகத்தில் மனு கொடுத்தது. அதிகாரி கரடியார் அதை மூன்று நகல் வாங்கி, ஆறு மாதம் அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்துவிட்டு உத்தரவு போட்டார். தன்னார்வலர்கள் தங்கள் வண்டியில் சிவப்புச் சுழல்விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

கீரிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே காட்டில் எல்லாரும் தன்னார்வலர் ஆகிவிட்டார்கள். எருமை விளக்கைச் சுழலவிட்டுச் சந்தைக்குப் போனது. நரி மச்சினி கல்யாணத்துக்குப் போனது. மயில் இரண்டு விளக்கு வைத்துக்கொண்டது. ஒன்று அழகுக்காம்.

ஒரு மத்தியானம் அணில் போன் செய்தது. "அண்ணே, மூங்கில் பத்திக்கிச்சு. என் பிள்ளைங்க மூணும் பொந்துல இருக்குதுங்க. சீக்கிரம் வாங்க."

கீரி விளக்கைப் போட்டுக்கொண்டு பறந்தது. பாலத்தில் மாட்டிக்கொண்டது. நாற்பது வண்டி, நாற்பது சிவப்பு விளக்கு, மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன.

"வழி விடுங்கய்யா, தீயணைக்கப் போறேன்."

"நாங்க மட்டும் பூப்பறிக்கவா போறோம்?" என்றது எருமை. அதன் வண்டியில் கத்திரிக்காய் மூட்டை இருந்தது.

கீரிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது எதிரே அணில், பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு, வண்டிகளின் கூரைமேல் தாவித் தாவி வந்து சேர்ந்தது.

"நல்ல வேளைண்ணே, நெருக்கமா நிறுத்தியிருந்தீங்க. கால் தரையிலேயே படல."

அதன் பின்னாலேயே சருகைப் பிடித்துக்கொண்டு தீயும் வந்தது. நாற்பது வண்டியும் கண்மூடித் திறப்பதற்குள் ஓரம் கட்டின. நடுவில் அகலமாக வழி கிடைத்தது. தீ நேராக வன அலுவலகத்துக்குப் போய்விட்டது.

கரியாகிப்போன மேஜைக்கு முன்னால் நின்று கரடியார் கேட்டார்: "அனுமதி வாங்காம சிவப்பு விளக்கு போட்டுக்கிட்டு வந்தது யாரு?"

நீதி: அணைக்கப் போகிறவனுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். அவசரமாகப் போகவேண்டுமென்றால் எரிந்துகொண்டே போ.