மூலைக்குத்து வீடு

“தம்பி, வீடு சரியுதே” என்றார் சிவனாண்டி.

படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் படத்தை மேசையில் போட்டுவிட்டுத் தன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எலுமிச்சை மூட்டையோடு அந்த வழியாகப் போன ஆளும் நின்று, மூட்டையும் தலையுமாகச் சேர்த்து ஒரு சாய்ப்புச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனான்.

“சரியல மாமா. அது ஐசோமெட்ரிக்” என்றான் துரைப்பாண்டி. மாமா என்று தானாக வந்துவிட்டது. சிவனாண்டி அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.

துரைப்பாண்டி சங்கரன்கோவிலில் ஓர் அரசாங்க ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். வயது முப்பத்திமூன்று. ஐ.டி.ஐ.யில் ஐசோமெட்ரிக் வரைவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பதினோரு வருஷ சர்வீஸில் அவனிடம் ஒருத்தரும் ஓர் ஐசோமெட்ரிக் கேட்டதில்லை. ஆபீஸில் வரைவதெல்லாம் ஓடைப் பாலம். அதற்கு மேலிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம் இருந்தால் போதும். கல்யாண விஷயத்திலும் அதே கதைதான். ஏழு இடத்தில் பேசியாயிற்று. ஏழு பேரும், “கோடு போடுதது ஒரு வேலையா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

எட்டாவதாகத்தான் தரகர் பிச்சையா இந்த இடத்தைக் கொண்டுவந்தார்.

“புளியங்குடி பார்ட்டி, மாப்ள. எலுமிச்சை யாவாரம். பொண்ணு பாக்குதது, பூ வைக்குததெல்லாம் பிறகு. வாழப்போற வீடு எப்படி இருக்கும்னு முதல்ல ஒரு படம் போட்டுக் காட்டணுமாம். அவ்வளவுதான் கண்டிஷன்.”

“எனக்கு மனையே கிடையாதே அண்ணாச்சி.”

“அதனால என்ன வே? நாற்பதுக்கு முப்பதுன்னு வச்சுக்கிடச் சொன்னாரு. கிழக்க பாத்த வாசல்.”

பெண்ணைக் கொடுக்கப்போகிறவர் மனையின் அளவையும் திசையையும் இத்தனை துல்லியமாகச் சொல்கிறாரே என்று வேறு யாராவது யோசித்திருக்கலாம். துரைப்பாண்டி யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதர் அவனிடம் வீட்டுப் படம் கேட்டிருக்கிறார். அன்றே பென்சிலைச் சீவிவிட்டான்.

அப்படி வரைந்ததைத்தான் இப்போது சிவனாண்டி சரிகிறது என்கிறார்.

“பாருங்க மாமா. நெட்டுக்கோடு நெட்டுக்கோடாவே நிக்கும். தரையில ஓடுத ரெண்டு கோடும் ஆளுக்கு முப்பது டிகிரி ஏறும், ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். அப்பம்தான் முன்சுவர், பக்கச்சுவர், மேல்தளம் மூணையும் ஒரே படத்துல காட்ட முடியும்.”

“அதெல்லாம் சரி. வீட்டோட மூலை என்னையப் பாத்துல்லா நிக்கி? மூலைக்குத்து! எங்க சித்தப்பா தெருக்குத்து வீட்டுல குடியேறி மூணாம் மாசம் எருமை செத்துச்சு. தெருக்குத்துக்கே எருமைன்னா மூலைக்குத்துக்கு என்னது போவும்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரைப்பாண்டி மூலையே இல்லாமல் வரைந்துகொண்டு போனான். முன்னாலிருந்து பார்த்த படம்.

“இது என்ன தம்பி, அப்பளம் மாதிரி இருக்கு? எம்புட்டு ஆழம்னே தெரியலையே.”

அதற்கும் அடுத்த ஞாயிறு, மேலிருந்து பார்த்த படம்.

“கூரை எங்க? மழை பேஞ்சா குடும்பத்தோட நனையணுமாக்கும்?”

வேறு வழியில்லாமல் மறுபடி ஐசோமெட்ரிக்குக்கே வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. இந்தத் தடவை பாடப் புத்தகத்தில் உள்ளபடி, மூலையைக் காட்டி நிற்கிற பெட்டி கண்ணுக்கு எவ்வளவு சுருங்கித் தெரியுமோ அந்தக் கணக்குப்படி சுருக்கி, சுத்த பத்தமாக வரைந்துகொண்டு வந்தான். சிவனாண்டி மடியிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று பெருக்கினார். முகம் மாறிவிட்டது.

“நாற்பதடிச் சுவரு முப்பத்திரண்டே முக்கால்தான் வருது. மிச்சத்த யாரு தின்னா?”

“தின்னல மாமா. ஐசோமெட்ரிக்ல நூறுக்கு எண்பத்திரண்டுதான் தெரியும்.”

“நூறுக்குப் பதினெட்டுக் கழிவா? எலுமிச்சையில இம்புட்டுக் கழிச்சா காய் கொண்டார சம்சாரி என்னைய மண்டியிலயே வச்சு அடிச்சிருவான்.”

துரைப்பாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாவது செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தயார் பண்ணிக்கொண்டான். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு பெண் கேசரித் தட்டோடு வந்தாள்.

கேசரித் தட்டோடு வருகிறவள்தான் பெண் என்பது நம் பக்கத்தில் வழக்கம். யாரும் அதை ரேஷன் கார்டில் சரிபார்ப்பதில்லை. துரைப்பாண்டியும் பார்க்கவில்லை. சாதாரண வாயில் சேலை. நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கோலமாவு என்று அவன் முடிவுகட்டிக்கொண்டான். தட்டை வைத்துவிட்டு அவள் போகவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

“வீடு சரியல” என்றாள். “நாமதான் மூலைக்கு எதுக்க, உசரத்துல நின்னு பாக்கோம்.”

துரைப்பாண்டி எடுத்த கேசரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். ஐ.டி.ஐ.யில் இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

“சுருக்காம, உள்ள அளவையே வச்சு வரைஞ்சா என்ன?” என்று கேட்டாள்.

“வரையலாம். நிறையப் பேரு அப்படித்தான் வரையாங்க.”

“அப்பம் டேப்ப வச்சு அளந்தா அளவு சரியா கிடைச்சிருமா?”

“கிடைச்சிரும். நெட்டுக்கோட்டுலயும் அந்த ரெண்டு சாய்வுக் கோட்டுலயும் மட்டும் அளக்கணும். மூலைக்கு மூலை குறுக்க அளந்தா பொய்தான் வரும்.”

“பின்பக்கச் சுவரு தூரத்துல இருக்கே, ஏன் சிறுசாத் தெரியல?”

“ஐசோமெட்ரிக்ல கிட்டக்க இருக்குததும் தூரத்துல இருக்குததும் ஒண்ணுதான். தூரத்துல இருக்குன்னு யாரையும் குறைச்சுக் காட்டாது” என்றான் துரைப்பாண்டி. சொல்லிவிட்டு, சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டான்.

“மாடிப்படி?”

“அது பின்னால. பெட்டின்னா ஆறு முகம். இந்தப் படத்துல மூணுதான் தெரியும். மிச்சம் மூணும் மறைஞ்சுரும்.”

“அத யாருகிட்ட கேக்கணும்?”

“வரைஞ்சவன்கிட்டதான் கேக்கணும்.”

அவள் சிரித்தாள். அவன் பஸ்ஸை விட்டான். அடுத்த பஸ்ஸையும் விட்டான்.

ஊர் திரும்பியதும் துவைக்கிற பார் சோப்பு ஒன்றை எடுத்து, பிளேடால் செதுக்கி, அந்த வீட்டையே செய்தான். அம்மா பிச்சம்மாள் அழுக்குத் துணியோடு வந்து நின்றாள்.

“ஏலே, சோப்பக் குடுன்னா வீட்டக் கொண்டாந்து நீட்டுத? இதுல எந்த ரூம்ப நான் துணியில தேய்க்க?”

“எம்மா, அதுல கைய வைக்காத. அது உன் மருமக வீடு.”

சோப்பு வீட்டைப் பார்த்ததும் சிவனாண்டி ஒரு வழியாக ஒற்றைக் கண்ணை மூடி, மூலைக்கு நேராக நின்று, “அட, ஆமா!” என்றார். சோப்பையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். ஏற்கெனவே கொடுத்த படங்கள் அத்தனையும் அவரிடம்தான் இருந்தன. ஆனால் அதோடு விடவில்லை.

“கிணறு மட்டும் ஏன் முட்டையாட்டம் இருக்கு?”

“வட்டம் ஐசோமெட்ரிக்ல முட்டையாத்தான் தெரியும் மாமா. தோண்டும்போது வட்டமாத்தான் தோண்டணும்.”

“யாரு தோண்டப் போறா, சும்மா கேட்டேன்” என்றார் சிவனாண்டி அவசரமாக. “பக்கவாசலை அகலமாப் போடுங்க. வண்டி உள்ள வந்து மூட்டை இறக்கணும்.”

“எங்க வீட்டுல எதுக்கு மாமா மூட்டை?”

“பின்ன, நான் வரும்போது வெறுங்கையோடயா வருவேன்?”

மாமனார் வண்டி கட்டிச் சீர் கொண்டுவருவார் என்று நினைத்துத் துரைப்பாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. வாசலை எட்டடி ஆக்கி, சுருக்காமல், உள்ள அளவுக்கே முழுப் படத்தையும் வரைந்து கொடுத்தான். கதவோரம் நின்ற அவள், படத்தை வாங்கி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, “பின்பக்கம் இன்னமும் தெரியல” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பார்த்தது படத்தை அல்ல.

அதன்பிறகு மூன்று வாரம் புளியங்குடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கடைத்தெருவில் இவன் தலையைக் கண்டதும் தரகர் பிச்சையா இல்லாத சந்துக்குள் எல்லாம் நுழைந்தார். ஒரு நாள் வேட்டி நுனியைப் பிடித்து நிறுத்திக் கேட்டதற்கு, “பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு மாப்ள” என்று வேட்டியை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். பிச்சம்மாள் தினமும் சோப்பில்லாமல் துவைத்தாள். துரைப்பாண்டி ஆபீஸில் ஒரு பாலத்துக்கு மாடிப்படி வரைந்துவைத்தான். மேலதிகாரி கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். மகனே, இவளும் போயாச்சு என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டான். முந்தின ஏழு பேரின் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. இவளை மட்டும் நகக்கண் வரைக்கும் ஞாபகம் இருந்தது.

நாலாவது வாரம், ஓர் ஓடைப் பாலத்தை அளக்கச் சைக்கிளில் திருவேங்கடம் ரோட்டில் போனான். ஊரைத் தாண்டிக் கரிசல்காட்டு ஓரத்தில் புதுச் செங்கல் கட்டடம் ஒன்று ஜன்னல் உயரத்துக்கு எழும்பி நின்றது. கிழக்கே பார்த்த வாசல். எட்டடிப் பக்கவாசல். முட்டையாக இல்லாமல் வட்டமாகவே ஒரு கிணறு.

துரைப்பாண்டி சைக்கிளை விட்டு இறங்கினான். மூலைக்கு நேராகப் போய் நின்று ஒற்றைக் கண்ணை மூடினான். அவன் படம் எழுந்து நின்றது.

அதே மூலையில் இன்னொருவரும் ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார். தோளில் துண்டு, கையில் தூக்குக்குண்டு. சுவர்மேல், வெயிலில் லேசாக உருகிப்போய், பார் சோப்பு வீடு.

“யாரு வீடு அண்ணாச்சி இது?”

“புளியங்குடி சிவனாண்டி மொதலாளி வீடு சார். நான் வேல்சாமி, கொத்தனார்.”

“பிளான் யாரு?”

வேல்சாமி சிரித்தார். “அது ஒரு கூத்து சார். மாப்பிள்ளை பாக்கேன் மாப்பிள்ளை பாக்கேன்னே மொதலாளி பாதி வீட்டக் கட்டிட்டாரு. முதல்ல ராயகிரியில ஒரு சர்வேயர் மாப்பிள்ளை. அவரு மனைய அளந்து கல் ஊண்டிட்டுப் போனாரு. ரெண்டாவது ஒரு வயர்மேன், மனைக்குக் கரண்டு. மூணாவது ஒரு டிராயிங்காரரு, பாவம், அஞ்சு படமும் ஒரு சோப்பும் குடுத்திருக்காரு. சிமெண்டு இப்பம் கண்ட்ரோல்லா, இனி அதுக்குப் பெர்மிட் வேணும்லா? தாலுகா ஆபீஸ்ல பெர்மிட் போடுத குமாஸ்தாவுக்கு வலை வீசியிருக்காரு. இன்னைக்கு இடத்தப் பாக்க வாரதா பேச்சு.”

துரைப்பாண்டி அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தான்.

“அப்போ… அவரு மக?” என்றான். “கேசரி கொண்டுவந்துச்சே?”

“அவருக்கு ஏது சார் மக, ரெண்டும் பயலுவ” என்றார் வேல்சாமி, தூக்குக்குண்டைச் சுருட்டிக்கொண்டே. “அது என் மக தங்கத்தாய், சித்தாளா எங்கூட நிக்கவ, படத்தப் புரிஞ்சுட்டு வந்து சொல்லுட்டின்னு நான்தான் அனுப்பி வச்சேன், இப்பம் என்னடான்னா, பின்பக்கப் படி எப்படின்னு வரைஞ்சவரைத்தான் கேக்கணும், கேக்கப் போறதுன்னா வெத்தலை பாக்கோட போங்கய்யான்னு ஒத்தக்கால்ல நிக்கா, வேலை அப்படியே நிக்கி… ஆமா, நீங்க யாரு சார், சிமெண்டா?”