முரசு மீட்ட ஓடை

காக்கைகூட அனுமதி பெற்றுத்தான் கரைய வேண்டும் என்ற அளவுக்கு ஒழுங்கான நாடு மேழிபுரம். அரச முரசு ஒன்றை அறிவித்துவிட்டால், அது நடந்து முடிந்துவிட்டது என்பது அந்நாட்டு வழக்கம். மறுத்துப் பேசினால் ராஜதுரோகம்.

அனுமதி கேட்கும் சிரமம் அரசரின் மைத்துனர் வேழமூர்த்திக்கு மட்டும் இருந்ததில்லை. அவர் கன்னலோடையில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார். கரையோரத்து மருதமரங்களையும் நாணலையும் வழித்தெடுத்துவிட்டு மாளிகைகள் கட்டி விற்றார். போக வழியில்லாத வெள்ளம் கீழத்தெருவுக்குள் புகுந்தது.

கீழத்தெருவின் கடைசி வீடு பூவாத்தாளுடையது. அவள் கணவன் காளியப்பனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போன மழைக்கு அவனைக் கதவுப் பலகையில் கிடத்திக் கழுத்தளவு நீரில் தள்ளிக்கொண்டே கரை சேர்த்தாள். இந்த மழைக்கு அந்தக் கதவும் இல்லை, ஊறி உளுத்துப் போயிற்று. வானம் கறுக்கத் தொடங்கியதும் அவள் நேரே ஓடைத்துறை அமைச்சர் கீர்த்திவாகரிடம் போய் நின்றாள்.

"ஓடையின் துயர் கண்டு அரசின் நெஞ்சம் நனைந்துள்ளது" என்றார் அமைச்சர்.

"எங்க வீடு அதுக்கு முன்னாடியே நனைஞ்சிருச்சுங்க. மழைக்கு முந்தி மண்ணை அள்ளிருங்க சாமி."

மண் அகற்றப்படும், கரை செப்பனிடப்படும், இருபுறமும் மரம் நடப்படும் என்று ஆணை பிறந்தது. ஆட்களும் வந்தார்கள். முதல் மண்வெட்டி மைத்துனரின் மதில்மேல் பட்டு 'டங்' என்றது. அத்தோடு வேலை நின்றது.

மறுநாள் முரசு முழங்கியது. "கன்னலோடை மீட்கப்பட்டது! கரையெங்கும் மருதமரங்கள் தழைத்துவிட்டன!"

ஓடை மீண்டுவிட்டதால் இனி வெள்ளம் வராது. ஆகவே வெள்ளப் படகுகளை மாளிகைக்காரர்களின் தாமரைக் குளங்களுக்குக் கொடுத்தார்கள். கீழத்தெருக்காரர்கள் வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளைக் கண்டதும் அமைச்சருக்கு ஆத்திரம் வந்தது. "இவை மூட்டை கட்டிய வதந்திகள்! அப்புறப்படுத்துங்கள்!"

"ஓடையை எங்கேயும் காணோமே சாமி" என்றாள் பூவாத்தாள், அடக்க மாட்டாமல்.

"அது உன் கண்ணின் குற்றம். முரசுக்குக் குற்றமில்லை."

பாவி மழை முரசுக்குக் கட்டுப்படவில்லை. விடியும்போதே தண்ணீர் அடுப்பை அணைத்தது. பூவாத்தாள் ஓட்டைப் பிரித்து, காளியப்பனின் அக்குளில் கைகொடுத்து இழுத்துக் கூரைமேல் போட்டாள். அண்டை வீட்டுச் செங்கமலம் எதிர் மேட்டில் ஒரு புளியமரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டு நீந்தத் தயாராக நின்றார்கள். தண்ணீர் ஓட்டின் விளிம்பைத் தொட்டது.

அப்போது மீட்கப்பட்ட ஓடையைப் பார்வையிட அமைச்சர் படகில் வந்தார். கூடவே முரசறைவோன்.

"ஐயா, என்னை விட்டாலும் விடுங்க, இவரை மட்டும் ஏத்திக்கிடுங்க!"

அமைச்சர் யோசித்தார். ஏற்றினால் வெள்ளம் உண்டென்று ஆகும். ஏற்றாவிட்டால் மேட்டிலுள்ள கூட்டம் முணுமுணுக்கும். அவர் முரசறைவோனுக்குக் கண் காட்டினார்.

"கீழத்தெருப் பூவாத்தாளும் அவள் கணவனும் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்!"

படகு திரும்பியது. மேட்டிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருவன் கைதட்டினான், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நீந்த நின்ற ஆண்கள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"செங்கமலம்! கயித்தைப் போடுடி!" என்று அலறினாள் பூவாத்தாள்.

செங்கமலத்துக்குக் கண்ணீர் கொட்டியது. கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"கத்தாதே அக்கா, யார் காதிலாவது விழுந்துரப் போகுது. உங்களைத்தான் காப்பாத்தியாச்சே!"