ஓடெலின் பெட்டகத்தில் அப்பாவின் துப்பாக்கி

அன்புள்ள லொரெட்டா அக்காவுக்கு, மொன்டானாவிலிருந்து தம்பி வெர்லின் எழுதுவது. நீயும் அத்தானும் அங்கே ஒஹையோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். உறையின் ஓரத்தில் பசை நாடா ஒட்டியிருக்கிறேன். அது பிரிந்திருந்தால் உடனே சொல், வாஷிங்டனில் எவனோ உட்கார்ந்து படிக்கிறான் என்று அர்த்தம். படிக்கட்டும், என் வயிற்றெரிச்சல் அவனுக்கும் தெரியட்டும்.

விஷயம் நம் தம்பி ராய்ஸ். விவாகரத்துக்குப் பிறகு அவன் ஆளே சரியில்லை என்று உனக்குத் தெரியும். மாடுகளுக்குத் தீனி வைக்க மறந்தான், அப்புறம் தானும் சாப்பிட மறந்தான். போன மாதம் டாக்டரிடம் போனான். மன அழுத்தமாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னாளாம். எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் கேட்டால் அது கணினியில் ஏறும், கணினியில் ஏறினால் வாஷிங்டனுக்குப் போகும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ராய்ஸின் முகத்தைப் பார்த்தபோது அவள் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கே பட்டது. இந்தப் பக்கத்தில் இது புதிதும் இல்லை. மனசு சரியில்லாதவன் துப்பாக்கியைச் சிநேகிதன் வீட்டில் வைப்பான், தெளிந்ததும் வாங்கிக்கொள்வான். காகிதம் கிடையாது, ஷெரீஃப் கிடையாது. சரி, கூடப்பிறந்தவன் நான் இருக்கிறேன். இந்த வட்டாரத்திலேயே பெரிய துப்பாக்கிப் பெட்டகம் என்னிடம்தான். இரண்டு தட்டைக் காலி செய்து, தூசி துடைத்துக் காத்திருந்தேன்.

அவன் யாரிடம் கொடுத்தான் தெரியுமா? ஓடெலிடம்! வேலிக்கு அந்தப் பக்கத்து ஓடெல், முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டி அரசாங்கச் சம்பளம் தின்ற ஓடெல். ஏழு துப்பாக்கி, அதில் அப்பா மான் வேட்டைக்குக் கொண்டுபோன பழையதும் ஒன்று. போதாக்குறைக்கு ராய்ஸ் தினமும் காலையில் அங்கே போய்க் காபி குடிக்கிறான். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவன் வண்டி போகிறது அக்கா. ஒரு நாளாவது பிரேக்கில் கால் வைப்பான் என்று பார்க்கிறேன், ம்ஹூம். என் வீட்டில் காபி இல்லையா? என் வீட்டுக்காரி ஐரீன் கர்த்தரிடம் போனதிலிருந்து ஒரு ஆளுக்குப் போடும் அளவே எனக்குக் கைவரவில்லை, தினமும் பாதியைக் கொட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அரசாங்கம் வேவு பார்க்கிறது என்று கத்துகிறவன்தான் நான், ஆனால் இது குடும்ப விஷயம். ஜன்னலில் ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க! ராய்ஸ் சிரிச்சு எட்டு மாசம் ஆச்சு, அந்தச் சிரிப்பைப் போயும் போயும் ஒரு தபால்காரன் வாங்கிட்டான். இன்னும் நல்லாத் தெரியட்டும்னு எக்கினேன், முள்கம்பி பேன்ட்டோட பின்பக்கத்தைப் பிடிச்சுக்கிச்சு, இழுத்தா கிழியுது, இழுக்காட்டி குத்துது, இதுக்கு நடுவுல ஓடெலோட கழுதை வந்து என் தொப்பியைத் தின்ன ஆரம்பிச்சுது. கடைசியில ஓடெலே கம்பி வெட்டியோட வந்தான்.

"என்ன வெர்லின், வாசல் அந்தப் பக்கம் இருக்கே."

"என் தம்பி துப்பாக்கி உன்கிட்ட எதுக்குடா?"

"அவனையே கேளு. உள்ள வா, காபி ஆறுது."

உள்ளே ராய்ஸ் என் பேன்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். எனக்கு வந்ததே கோபம். "ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்? என் பெட்டகம் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் கோப்பையையே பார்த்தான். "அண்ணே, ஒரு கெட்ட நாள்ல நான் வந்து உன்கிட்ட அழுதா நீ என்ன பண்ணுவ?"

"நீ என்ன கேட்டாலும் கொடுப்பேன். என் தம்பிடா நீ."

"அதான் உன்கிட்ட தரல. ஓடெல் தர மாட்டான். ஒரு கையெழுத்து இல்லேன்னு என் பார்சலையே மூணு வாரம் தராதவன்."

"நாலு வாரம்," என்றான் ஓடெல்.

நியாயம்தான் என்று, கழுதை தின்றது போக மிஞ்சிய தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் வயிறு எரியுது அக்கா. நீ உடனே ராய்ஸைக் கண்டித்து எழுது. அப்பாவின் துப்பாக்கியையாவது அண்ணன் வீட்டில் வைக்கச் சொல். மூத்தவள் சொன்னால் கேட்பான்.

உன் முட்டிவலிக்கும் அத்தானின் முன்கோபத்துக்கும் கர்த்தர் சீக்கிரம் ஒரு வழி காட்டட்டும்.

உன் தம்பி,
வெர்லின்

பின்குறிப்பு: இதை மூன்று நாள் தபாலில் போடாமல் மேஜையிலேயே வைத்திருந்தேன். ராய்ஸுக்கு எதுவும் எழுதாதே. மேலே நலம் என்று எழுதியது பொய். பிப்ரவரியில் ஐரீன் போனதிலிருந்து நான் சரியாக இல்லை. உன்னிடம் சொல்ல வெட்கம். நேற்று என்னுடைய பதினொரு துப்பாக்கியையும் வண்டியில் ஏற்றி ஓடெலிடமே கொண்டுபோனேன். ரசீது தராமல் வாங்க மாட்டேன் என்றான். பெயர் எழுதக் கூடாது என்றேன். 'பேன்ட் கிழிந்தவரிடமிருந்து பெறப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். இனி தினமும் காலை ஏழரைக்கு நானும் காபிக்குப் போக வேண்டுமாம். அவன் காபி வெறும் கழுநீர். இன்று காலை ராய்ஸின் வண்டி என் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. என்றைக்காவது நான் போன் பண்ணி, துப்பாக்கியைத் திருப்பித் தரச் சொல்லி எனக்காக ஓடெலிடம் பேசு என்று கெஞ்சினால், முடியாதுடா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பி வா அக்கா.